வெண்கலத்தின் தொண்டை

மீன் ஏலக்கூடத்தில் வெண்கலத்தைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், ஒன்று அவன் ஊருக்குப் புதிது, இல்லாவிட்டால் காது கேளாதவன். இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் அங்கே ஏலம் கூவுகிறாள். விடிகிற நேரத்துக்குப் படகுகள் வந்து சேரும். ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஒரு பக்கம் கடகடக்கும், தள்ளுவண்டிகள் ஒரு பக்கம் கிறீச்சிடும், வாங்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவார்கள். இத்தனைக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவள் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலுக்காக வந்த பெயர்தான் வெண்கலம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு தடவை கூடத்து மேலாளர் ஆசைப்பட்டு மைக் வாங்கி வந்தார். அது முதல் வார்த்தைக்கே கீச்சென்று அலறியது. செத்த மீன் எழுந்து ஓடிவிடும் என்று சொல்லி வெண்கலம் அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மைக் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில், இரண்டே நாற்காலி போட்ட கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரைச்சீலைதான். மனுஷன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கத்திரி ஓடுவதால் வாய் ஓடுகிறதா, வாய் ஓடுவதால் கத்திரி ஓடுகிறதா என்பது அவருக்கே தெரியாது. இவ்வளவு பேசுகிறவருக்கு வீட்டில் வாய் திறக்காத மனைவி வாய்த்திருக்கிறாளே என்று நாற்காலியில் உட்காருகிறவர்கள் கேலி செய்வார்கள். நான் இடைவெளி விட்டால்தானே அவள் பேசுவாள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உண்மையான காரணம் வேறு. ஏலம் கூவுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. காலை எட்டு மணிக்கு ஏலம் முடிந்து பெட்டியை விட்டு இறங்கினால், மாலை நாலு மணி வரை வாயைத் திறக்கக் கூடாது. கூவின வாய் மூடணும் என்பார்கள் கூடத்தில். தொண்டை கரகரத்தால் அதே மருந்துதான், கூடக் கொஞ்சம் மூடணும். எரிந்தாலும் அதுவே, கட்டிக்கொண்டாலும் அதுவே. கத்திக் கத்திக் கம்மிப்போன குரலுக்கு அது நல்ல மருந்துதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொண்டையில் வருகிற அத்தனை வியாதிக்கும் அந்த ஒரே பூட்டைப் போட்டுப் பூட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. அந்தத் தப்பு ஏலக்கூடத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

அதனால் அந்த வீட்டில் பகலெல்லாம் கைப்பேச்சு. ஏலத்தில் உபயோகிக்கிற சைகைகளையே வெண்கலம் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். இடது உள்ளங்கையில் வலது முஷ்டியை ஒரு குத்துக் குத்தினால் ஏலம் படிந்தது என்று அர்த்தம், வீட்டில் அதுவே 'சரி'. உள்ளங்கையை எதிராளி பக்கம் நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினால் 'கட்டுப்படியாகாது, கொடுக்க மாட்டேன்'. வீட்டில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவர்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவள் குழந்தையாக இருந்தபோது பால் வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்ட மாட்டாளாம், முஷ்டியால் உள்ளங்கையில் குத்துவாளாம். சலூன்காரர் இதைச் சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் வெண்கலத்துக்குத் தொண்டையில் வலி கண்டது. இரண்டு பக்கமும் வலி, கூடவே காய்ச்சல். கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு டான்சிலும் சிவந்து வீங்கி வெள்ளைத் திட்டு விழுந்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று மகள் சொன்னாள். சலூன்காரர் விட்டால்தானே. நாற்காலியில் உட்காருகிறவன் ஒவ்வொருவனும் தன் வியாதியையும் அதற்குத் தின்ற மருந்தையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். அதனால் தானும் பாதி டாக்டர் என்று அவருக்கு நினைப்பு. பல்வலிக்கு என்று எப்போதோ வாங்கின ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஆறு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. வலியும் முக்கால்வாசி போயிற்று. ஆகா, என் கைராசி என்று கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். மீதி இரண்டு மாத்திரையை, அடுத்த தடவைக்கு ஆகும் என்று சவரக் கத்திகள் வைக்கிற இழுப்பறையிலேயே போட்டு மூடினார். எப்படிப்பட்ட புத்திசாலித்தனம் பாருங்கள். அடுத்த தடவை வருகிறதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்த முறை வலி இடது பக்கம் மட்டும். தொண்டையில் ஆரம்பித்து அந்தப் பக்கத்துக் காது வரைக்கும் குத்தியது. மழைச் சத்தத்துக்கு மேல் கூவினதால் குரல் அடிபட்டுவிட்டது என்று வெண்கலம் தானே முடிவு கட்டினாள். முடிவு கட்டினால் மருந்து இருக்கவே இருக்கிறது. மேலாளருக்குத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினாள். கிளி என்கிற ஆள், அவளுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறவன், பெட்டி மேல் ஏறினான். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவன் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். வெண்கலம் வீட்டில் வாயை இழுத்து மூடிக்கொண்டாள். நாலு மணிக் கணக்கெல்லாம் இப்போது இல்லை. ராத்திரி பகல் எந்நேரமும் மௌனம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். இங்கே ஊரையே கூப்பிடுகிற வாய் இருந்தும் அது மூடிக் கிடந்தது.

சலூன்காரருக்கு அந்த நாட்கள் ஒரு விதத்தில் கொண்டாட்டமாகத்தான் இருந்தன. அதைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்டார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டுக் கதை, கிளி கூவின லட்சணம், முடி வெட்டும்போது தூங்கி விழுந்த வாத்தியார், எல்லாம் சொல்லுவார். அவள் தலையை ஆட்டுவாள். மூன்றாம் நாள் தலை ஆட்டுவதும் நின்றது. கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு கதைக்கு மாறினார். அவள் ஒரு துண்டை வாய் ஓரத்தில் ஒற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்த கஞ்சி ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் மகள் கடைக்குள்ளேயே வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா எச்சில்கூட முழுங்கலை. நீங்க பாத்தீங்களா இல்லையா? எல்லாத்தையும் துண்டுலதான் துப்பறாங்க. நேத்து வெச்ச தண்ணி அப்படியே இருக்கு."

அவர் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் எங்கே பார்ப்பது? நாற்காலியில் இருந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெண்கலத்தைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காலியாக இருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், மனுஷரை ஒழுங்காகப் பார்ப்பதற்கு அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

கண்ணாடியில் பார்த்தார். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தலைகளை நேராக்கியே பிழைக்கிறவர், நாலு நாளாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் இரண்டு விரலால் நேராக்கப் போனார். அவள் துடித்துப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடது தாடைக்குக் கீழே விரல் வைத்தால் கோலிக்குண்டு போல ஒன்று தட்டுப்பட்டது, அந்த இடமே கொதித்தது. வாயைத் திற என்றார். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அதற்கு மேல் தாடை அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்தது. மீன் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவளிடம் அவர் ஒருநாளும் அப்படி ஒரு நாற்றத்தை அறிந்ததில்லை.

ஒரு வார்த்தை பேசு என்றார். அவள் உள்ளங்கையை நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினாள். குரல் போய்விடும், மாட்டாள். அவர் கெஞ்சினார். வேறு எதுவும் வேண்டாம், என்னைத் திட்டு, ஒரே ஒரு திட்டு போதும் என்றார்.

அவள் என்னமோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. வாய் நிறைய சூடான கிழங்கை வைத்துக்கொண்டு, அதை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கம்மலும் இல்லை, கரகரப்பும் இல்லை. வேறு யாரோ பேசுகிறது போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். வெண்கலமே கண்ணாடியில் தன் வாயைத் திகைத்துப் பார்த்தாள். நாலு நாளாகத் தன் குரலை அவளும் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண், வயது முப்பதைத் தாண்டினால் அதிகம். குரல் மெல்லிசு, கூடத்தில் நின்றால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடக் கேட்காது. வாயைப் பார்ப்பதற்கு முன்னால் பேரைக் கேட்டாள். வெண்கலம் சொன்ன பதிலின் சத்தத்தைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்தக் குரல் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். சலூன்காரர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். 

அவங்க நாலு நாளா பேசவே இல்லீங்க, அது எங்க வழக்கம் என்றார் அவர். டாக்டரம்மாவுக்கு அது விளங்குவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கினதும், முதல் நாளே பேசியிருந்தால் முதல் நாளே வந்திருப்பீர்கள் என்று மட்டும் சொன்னாள். பிறகு மாத்திரைக் கதையும் வெளியே வந்தது. முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம் சோற்றில் மறைக்க முடியும்? இழுப்பறையில் இருக்கிற மீதி இரண்டைப் பற்றியும் சொல்லிவிட்டார். டாக்டரம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லாத் தொண்டை வலிக்கும் அந்த மாத்திரை தேவையே இல்லை. தேவைப்படறப்போ எது, எத்தனை நாள்னு பாத்துதான் குடுக்கணும். பாதியில நிறுத்தினா, எரியற அடுப்புல ரெண்டு கட்டையை மட்டும் இழுத்துப் போட்டுட்டுத் தூங்கப்போற மாதிரி. ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இது வந்தே இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இனிமே இப்படிச் செய்யாதீங்க."

சின்ன விளக்கை அடித்து, திறந்த வரைக்கும் உள்ளே பார்த்தாள். பார்த்ததை ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். வாயின் கடைசியில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு டான்சில். நடுவில் தொங்குகிறது உள்நாக்கு. இடது டான்சிலுக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற சுவருக்கும் நடுவில் சீழ் கட்டியிருக்கிறது. அது டான்சிலை முன்னால் தள்ளி, உள்நாக்கை வலது பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டது. பக்கத்திலேயே தாடைத் தசை, அதனால்தான் வாய் திறக்க மறுக்கிறது. இதைப் பட்டினி போட்டும் ஆற்ற முடியாது, மௌனம் இருந்தும் ஆற்ற முடியாது. இன்னும் வீங்கினால் மூச்சுப் போகிற வழியை அடைக்கும். தானாக உடைந்தால் சீழ் மூச்சுக்குழாயில் இறங்கும். கழுத்துக்குள் பரவினால் அதைவிட மோசம். இப்போதே ஊசி போட்டு உறிஞ்ச வேண்டும், மிச்சம் இருந்தால் சின்னதாக ஒரு கீறல் போட்டு வெளியேற்ற வேண்டும்.

கீறல் என்ற சொல் விழுந்ததும் வெண்கலம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். உள்ளங்கையை டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். இரண்டு ஆட்டு.

இதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா கேட்டாள். சலூன்காரருக்கு அர்த்தமும் தெரியும், அதன் பின்னால் இருக்கிற கதையும் தெரியும், இரண்டையும் சொன்னார். வெண்கலத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி மேல் நின்று கூவினவர் ஒரு பெரியவர். தொண்டையில் ஏதோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், அறுவை செய்தார்கள், திரும்பி வந்தபோது குரல் இல்லை. கழுத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டியதை எழுதிக் காட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து மற்றவர்கள் கூவுவதைப் பார்த்துக்கொண்டே மூன்று வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தார். கத்தி பட்ட தொண்டை கூவாது என்று கூடத்தில் ஒரு பேச்சே இருக்கிறது. உயிர் போனாலும் தொண்டையில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று வெண்கலம் அன்றைக்கே சொன்னவள். சொன்னதை மாற்றிப் பழக்கம் இல்லாதவள்.

டாக்டரம்மா தன் கழுத்தின் நடுவில் ஒரு விரலை வைத்தாள்.

"குரல் வர்ற இடம் இங்க, குரல்வளையில. நான் போகப்போறது மேல, வாய்க்குள்ள. இந்த வாசலைத் தாண்டி உள்ள போகவே மாட்டேன். அந்தப் பெரியவருக்கு வந்தது அநேகமா குரல்வளையில வந்த கட்டியா இருக்கும், பாக்காம நான் சொல்லக் கூடாது. ஆனா இது அது இல்லை."

வெண்கலம் திரும்பவும் கையை நீட்டினாள். பத்து நிமிஷம் தருகிறேன், அதற்கு மேல் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா மருந்து ஏற்பாடு செய்யப் போனாள்.

அறையில் மூன்று பேர். வெண்கலம் மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். சலூன்காரருக்கு வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் தேவை இல்லாத இடத்திலெல்லாம் அள்ளி இறைத்தவருக்கு, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு வார்த்தை அகப்படவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. நாலு நிமிஷம் அப்படியே போயிற்று. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு முன்னால் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்.

"இங்க பாரு. இருபத்தஞ்சு வருஷமா தினம் இருபது பேர் தொண்டையில கத்தி வெக்கறேன். எல்லாரும் தலையைச் சாய்ச்சுக் குடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிறாங்க. ஒருத்தனாவது குரல் போய் எழுந்திருச்சிருக்கானா? எங்க தொடணும், எங்க தொடக் கூடாதுன்னு கைக்குத் தெரியும். அந்தப் பொண்ணு படம் போடறப்போ நான் மூஞ்சியைப் பாக்கலை, கையைத்தான் பாத்தேன். கோடு ஆடலை. அது தெரிஞ்ச கை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓரத்தில் வழிந்ததை அவரே துண்டால் துடைத்துவிட்டார்.

"அப்படியே குரல் போனாலும் போகட்டும். நான் ஒரு ஆளு பேசறது பத்தாதா இந்த வீட்டுக்கு? ஆனா கேக்கறதுக்கு நீ வேணும். நீ இல்லாம நான் யார்கிட்ட பேசுவேன்?"

அவர் குரல்தான் உடைந்தது. வெண்கலம் அவர் கையிலிருந்து துண்டை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு இடது கையை விரித்து, அதில் வலது முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினாள். ஏலம் படிந்தது.

நேராக உட்கார வைத்துத்தான் செய்தார்கள். மரத்துப்போகிற மருந்தை அடித்து, வாய் இன்னும் கொஞ்சம் திறக்கிறதற்குக் காத்திருந்தார்கள். தலை அசையாமல் பிடித்துக்கொள்ள நர்ஸ் வந்தபோது சலூன்காரர் முன்னால் வந்து, தலையைப் பிடிக்கிறது என் தொழில் என்றார். மயக்கம் போட்டு விழமாட்டீர்களே என்று டாக்டரம்மா கேட்டாள். ரத்தம் பார்க்காத கையா இது என்று அவர் மார்தட்டினார். இரண்டு காதுக்கும் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடித்தார். ஊசி உள்ளே போய், குழலில் சீழ் மஞ்சளாக ஏறியது. பிறகு ஒரு சின்னக் கீறல். அவள் முன்னால் குனிந்து தட்டில் துப்பினாள், திரும்பத் திரும்பத் துப்பினாள். அறை முழுக்க அந்த நாற்றம். அவர் கை கடைசி வரை ஆடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். நர்ஸ் அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்தத் தண்ணீரை வெண்கலம் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்துப் பயந்து பயந்து விழுங்கினாள். இறங்கியது. இன்னொரு வாய், அதுவும் இறங்கியது. இரண்டு நாளுக்குப் பிறகு தொண்டைக்குள் தண்ணீர் போகிறது. தம்ளரை மகளிடம் கொடுத்துவிட்டு அழுதாள். தரையில் இருந்தவரும் அழுதார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது இதுதான்.

இரண்டு நாள் படுக்கையில் வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொடுத்து, கடைசி மாத்திரை வரைக்கும் விழுங்க வேண்டும் என்று டாக்டரம்மா சலூன்காரரைப் பார்த்துச் சொன்னாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். இன்னொரு முறை இதே மாதிரி வந்தால் டான்சிலையே எடுத்துவிடுவதைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம், அதற்கும் குரலுக்கும் சண்டை இல்லை என்றாள். இரண்டு வாரம் கூவ வேண்டாம், ஆனால் தயவுசெய்து பேசுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு மாத்திரையை எடுத்தார். அவற்றை மருந்துக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் வாரம் அவள் கூடத்துக்குப் போனாள். சலூன்காரர் அன்றைக்குக் காலையில் கடையைத் திறக்கவில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கிளி பெட்டியை அவனே கவிழ்த்துப் போட்டு, துணியால் துடைத்தும் விட்டான். நல்ல பிள்ளைதான், குரல்தான் அப்படி. வெண்கலம் ஏறி நின்றாள். ஐஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கை தானாகப் போய்த் தொண்டையைத் தொட்டதை அவர் பார்த்தார். 

"ஒரு தரம்" என்றாள். தூணுக்குப் பின்னால் நின்றவரின் காதில் வந்து விழுந்தது அந்தப் பழைய வெண்கலம், ஒரு குறையும் இல்லாமல்.  தூணைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்துச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது அதற்குப் பிறகுதான். கூவின வாய் இப்போதும் மூடுகிறது. ஆனால் மூடுவதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது ஒரு வாக்கியம் முழுசாகப் பேசிக் காட்ட வேண்டும். தொண்டை வலி என்று யார் வந்தாலும் வெண்கலம் அவரை நிறுத்தி வைத்து வாயைத் திறக்கச் சொல்கிறாள், மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் நுழைகிறதா என்று பார்க்கிறாள், எச்சில் விழுங்கச் சொல்கிறாள். வலி ஒரு பக்கம் மட்டுமா என்று கேட்கிறாள். கிளிக்கு ஒரு நாள் வெறும் சளி. அவனையும் விடவில்லை. எல்லார் முன்னாலும் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் அவனுக்கு ரொம்ப வருத்தம். மூன்று விரலும் தாராளமாக நுழைந்தது.

வீட்டில் அந்த ஒரு வாக்கியம் சலூன்காரருக்குச் சேர வேண்டியது. எட்டு மணிக்கு மேல் அவள் கடை வழியாகத்தான் உள்ளே போவாள். அவர் கையில் வேலை இருந்தாலும் கண்ணாடியில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் மீன் சமாச்சாரம்தான் இருக்கும். இன்றைக்கு வரத்து கம்மி என்பாள், குடையை மறந்துவிட்டேன் என்பாள், அவ்வளவுதான். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். குரல் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு தலையாட்டு. அதற்குப் பிறகு நாலு மணி வரைக்கும் அவருடைய ராஜ்ஜியம்.

ஒரு நாள் நாற்காலியில் தூங்கி விழுகிற அந்த வாத்தியார் உட்கார்ந்திருந்தார், கழுத்து வரைக்கும் நுரை. சலூன்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெண்கலம் வாசலில் வந்து நின்றாள். அவர் கதையை நிறுத்தினார். அவள் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரை மேலேயும் கீழேயும் பார்த்தாள், பெட்டி முன்னால் வைத்த சரக்கைப் பார்க்கிற மாதிரி. பிறகு கூடத்துக் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"சலூன்காரர் ஒண்ணு. வயசு அம்பத்தொண்ணு. தலையில முடி கம்மி, வாய் ஜாஸ்தி. கை ஆடாது. ஒரு தரம். ரெண்டு தரம்."

நிறுத்திவிட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வாத்தியார் நுரையோடு நிமிர்ந்து, மூணாவது தரம் என்று எடுத்துக் கொடுத்தார்.

வெண்கலம் உள்ளங்கையை வாத்தியார் பக்கம் நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினாள், கொடுக்க மாட்டேன் என்று. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாத்தியார் மறுபடியும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர் கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். பிறகு எடுத்துவிட்டார். அதை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் சார், கை ஆடுது என்றார்.